சேதாரம்

சனிக்கிழமை இரவு, கடைசி ஜோடிக் கொலுசும் எடைபோட்டு முடிந்தபின்
தட்டைத் துடைத்துவிட்டு
அதில் உப்புக் கொட்டுவேன்.
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தராசு.
ஒன்று ஐம்பது. ஒரு லிட்டருக்கு அது போதும்.
நாட்டுச்சர்க்கரை நாற்பது.
எலுமிச்சையைத் தராசில் ஏற்றுவதில்லை,
அதை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

முதல் வாரம் அளக்கவில்லை.
கைக்கு வந்த கல்லுப்பு.
ஏற்காட்டுச் சாலை, ஏழாவது கொண்டை ஊசி வளைவு,
இரண்டு மிடறு குடித்தேன், நான்காகக் கக்கினேன்.
கட்டைச்சுவரில் வைத்த பாட்டிலைக் குரங்கொன்று தூக்கி
மூடியைத் திருகி நாக்கை நனைத்து
என்னை ஒரு பார்வை பார்த்தது.
பிறகு பள்ளத்தில் வீசியது.
கூட ஓடிவந்த ரோஸ்லின் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
தபால்காரி அவள், சூரமங்கலத்தை நடந்தே தேய்த்த கால்கள்.
"தண்ணி கலக்கச் சொன்னா
ஊறுகா போட்டுக் கொண்டாந்திருக்கியேடி!"

கடையில் நீலமாக ஒன்று விற்கிறார்கள்.
எந்தப் பழம் இந்த நிறம் என்று கேட்டால்
விலையைச் சொல்கிறார் கடைக்காரர்.
அந்தக் காசில் நான் எட்டு ஞாயிறு ஓடுவேன்.

புறப்படும்முன் வீட்டு மெஷினில் ஐம்பத்தெட்டு நானூறு.
இருபது வளைவும் ஏறி, ஏரியைத் தொட்டு,
பஸ்ஸில் இறங்கி வந்து மறுபடி ஏறினால்
ஐம்பத்தேழு இருநூறு.
குடித்தது கணக்கில் சேர்த்தும் இவ்வளவு.

பட்டறையில் இதற்கு ஒரு சொல் உண்டு.
உருக்கும்போது போனது, அரத்தில் உதிர்ந்தது, மெருகில் தேய்ந்தது,
கொடுத்த வெள்ளிக்கும் வந்த கொலுசுக்கும் நடுவே
நான் தினம் நோட்டில் எழுதும் எண்.
அதற்காக வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.
நான் யாரிடம் சண்டைக்குப் போக?

செவ்வாய்ப்பேட்டையில் குப்பையைக்கூட விடமாட்டோம்.
பெருக்கி, எரித்து, சாம்பலைச் சலித்து
பொட்டு வெள்ளியானாலும் திரும்ப எடுப்போம்.
சேலத்துக்குக் கடல் கிடையாது.
ஓடிவந்த சட்டையின் முதுகில்
காய்ந்து கிடக்கிறது ஒரு முழ உப்பளம்.
அதை வாளியில் முக்கி அலசிவிடுகிறேன்.

போன ஞாயிறு பதின்மூன்றாவது வளைவில்
ரோஸ்லினின் கெண்டைக்கால் கல்லானது.
கறுப்பு வெள்ளை பூசிய கல்லில் சாய்த்து
ஷூவைக் கழற்றிப் பாதத்தை அவள் பக்கமாக வளைத்தேன்.
பஸ் ஒன்று எங்களைத் தாண்டித் திரும்பியது,
ஜன்னல் முழுக்க முகம்.
என் பாட்டிலை நீட்டி,
"மடக்குமடக்குனு வேண்டாம், வாய் வாயா" என்றேன்.
கீழே பனி விலகி
மாக்னசைட் சுரங்கம் வெள்ளையாகத் தெரிந்தது.
மாத்திரை அட்டையில் அவள் படித்திருக்கிறாள்.
"இத்தன மெக்னீசியத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு
எனக்குப் போயி பிடிக்குது பாரு"
என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

மீதி ஏழு வளைவும் நடந்தோம்.
அவசரமில்லாத காலுக்குத்தான்
சில்வர் ஓக் மரத்தில் மிளகு காய்த்திருப்பது தெரிகிறது.
ஏரிக்கரையில் ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன்:
ஜவ்வரிசிக் கஞ்சி, மோர் ஊற்றிக் கரைத்தது,
ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி.
கூட இரண்டு வாழைப்பழம்.
ரோஸ்லின் பேசவில்லை.
மூடியை விரலால் வழித்து நக்கினாள்.

திங்கள் காலை
தட்டின் ஓரத்தில் நான் விட்டுவைத்த மூன்று பொடிக்கல்லை
முதலாளி குணசீலன் கண்டுபிடித்தார்.
நகத்தில் ஏந்தினார், வெளிச்சத்தில் பிடித்தார், நாக்கில் வைத்தார்.
"உப்பு பட்டா வெள்ளி கறுக்கும்மா. என்ன இது?"
"சேதாரம்ங்க."
பழக்க தோஷம், நோட்டைப் பிரித்து
பேனா மூடியைக் கழற்றினார்.
"எத்தன கிராம்?"
"ஆயிரத்து இருநூறு" என்றேன்.
கண்ணாடியையும் கழற்றினார்.